கரை காக்கும் கரங்கள்

கடலுக்கு முந்நீர் என்றொரு பெயர் உண்டு. நிலத்தை ஆக்குதல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்று தன்மைகளையும் உடைமையால் அப்பெயர் பெற்றது என்பது உரையாசிரியர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று. இம்மூன்றனுள் காத்தல் தொழிலில் மனிதருக்கும் பங்கு வந்து சேர்ந்ததைக் கொழும்புக் கரையோரத்தின் வரலாறு காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையைப் பேணுவது ஆள்வோர் கடமையாகவே கருதப்பட்டது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் காலிமுகத்திடலின் உலாவும் பாதையை நிறைவுசெய்தபோது, நகரின் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி அதனைப் பேணுமாறு தம்பின் வருவோரை வேண்டிக் கல்லிற் பொறித்து வைத்தார். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. கொட்டாஞ்சேனையை அடுத்த கடல் பெருந்துறைமுகமாயிற்று. தெற்கே வெள்ளவத்தையில் புகையிரதப் பாதை அலையின் அருகிலேயே அமைந்தது. அதனைக் காக்கக் கருங்கற்கள் அடுக்கப்பட்டன. மணற்கரை ஒடுங்கியது.

சுதந்திர இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், நிலப்புறம் 300 மீற்றரும் கடற்புறம் 2 கிலோமீற்றரும் கொண்ட வலயத்தை வகுத்தது. ஆயினும், எல்லை வகுக்கும் சட்டம் குப்பையைக் குனிந்து பொறுக்குவதில்லை. வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களும், மட்டக்குளியில் காக்கைத்தீவின் அருகே கடலிற் கலக்கும் களனி கங்கையும் நகரத்தின் கழிவைக் கடலிற் சேர்க்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை அதனை மீண்டும் கரையில் எறிகின்றது. இவ்விடத்திலேதான் தொண்டர்களின் பணி தொடங்குகின்றது.

இத்தொண்டுக்கு உலக வழக்கொன்றும் உண்டு. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் ஏறத்தாழ 2,800 தொண்டர்கள் சில மணி நேரத்தில் 124 தொன் கழிவை அகற்றினர். அகற்றியதோடு அமையாது, என்னென்ன பொருள், எத்தனை எனக் குறித்தும் வைத்தனர். கரை துப்புரவான இடத்தில் மறுநாளே குப்பை சேரலாம், குறிப்போ அழிவதில்லை. அது குப்பையின் பிறப்பிடத்தைச் சுட்டும் சாட்சியாகின்றது. இன்று பல நாடுகளில் செப்டம்பர் மாதந்தோறும் நிகழும் கரையோரத் துப்புரவுப் பணி அம்முயற்சியிலிருந்து வளர்ந்ததாகும்.

இலங்கையில் 2018இல் தோன்றிய ‘பேர்ள் புரொடெக்டர்ஸ்’ என்னும் தொண்டர் அமைப்பு இவ்வழியில் இளைஞரைத் திரட்டியது. மூன்றாண்டு செல்லுமுன் அவர்களுக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. 2021 மே 20ஆந் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒன்பதரைக் கடல் மைல் தொலைவில் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் புதுக்கப்பல் தீப்பற்றியது. அது ஏற்றிவந்த 1,486 கொள்கலன்களின் சரக்கில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அது ஆபத்தான சரக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளோ சாதாரணச் சரக்காகவே கருதப்பட்டன. கரையை நெடுங்காலம் வருத்தியவை அம்மணிகளே.

பருப்பினும் சிறிய அவை, நீர்கொழும்பு முதல் கொழும்பின் தெற்குவரை மணலை வெண்மையாக மூடின. இறந்த ஆமைகள் ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டமையால் மீனவர் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. கொள்ளைநோய்க் காலத்துப் பயணத் தடையினால் பொதுமக்கள் வெளிவர இயலவில்லை. முதலிற் கடற்படையினரும் பிற படையினரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையுடன் இணைந்து உழைத்தனர். பின்னர் தொண்டர்கள் வந்தனர்.

இயந்திரத்தால் மணலை வாரினால் அம்மணலில் வாழும் நண்டும் பிற உயிரும் உடன் போகும். எனவே, தொண்டர்கள் சல்லடையும் வாளியும் ஏந்தினர். மணலைச் சலித்தும், நீரிலிட்டு மிதப்பவற்றை வடித்தெடுத்தும் மணிகளைப் பிரித்தனர். ஒரு பிடி மணலுக்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை அப்பணி உணர்த்தியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும், 2025இல், மணலில் அம்மணிகள் அகப்பட்டன.

குடிமக்களின் காவல் கரையோடு நிற்கவில்லை. சுற்றாடல் நீதிக்கான நிலையமும் மீனவர்களும் பிறரும் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூலை 24ஆந் திகதி உயர் நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தார் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது.

எவ்வளவு பெரிய தொகையும் ஒரு மணியைத் தானே பொறுக்கி எடுக்காது. அதுபோல, எவ்வளவு பெரிய தொண்டும் கழிவைக் கடலுக்கு அனுப்பும் கால்வாயை அடைத்துவிடாது. சரக்கின் ஆபத்தை மறைக்கும் விதியையும் மாற்றிவிடாது. தொண்டரின் உழைப்பைக் காரணங்காட்டி அரசும் வணிகரும் தம் கடமையிலிருந்து ஒதுங்குதல் தகாது. கரையிற் குனிந்தவர் கண்டதை எண்ணிக் கூறுவதும், கூறியதைக் கேட்டு ஆள்வோர் செயற்படுவதும் ஒருங்கே நிகழவேண்டும். வெள்ளவத்தைக் கற்களின் இடுக்கில் அடுத்த பருவக்காற்று எதனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அவ்விரண்டையும் பொறுத்தே அமையும்.