உதகை ரேடியோ தொலைநோக்கி: நேரத்தால் கோணம் அளந்த வரலாறு

நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவில் கிடக்கும் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. 1970இல் இயங்கத் தொடங்கியது. வானில் கோணத்தை நேரடியாக அளக்க முடியாதபோது நேரத்தை அளந்து கோணத்தைப் பெறுவதே இங்கு நடந்துவரும் வேலையின் அடிப்படை.

காரமடை அரங்கநாதர் தேர்த் திருவிழாவில் வேட்டுப் போட்டால், தள்ளித்தள்ளி நிற்கும் இருவர் காதுக்கும் அது ஒரே நொடியில் எட்டாது. யாருக்கு முன்னே கேட்டது, எவ்வளவு முன்னே என்று தெரிந்தால் சத்தம் வந்த திசையைக் கணக்கிட்டுவிடலாம். விண்ணிலிருந்து வரும் அலைக்கும் இதே கணக்குத்தான். ஆனால் ரேடியோ அலை ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அந்த நுண்ணிய தாமதத்தைப் பிடிக்க, இரு இடங்களில் வாங்கிய அலைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேடு மேட்டோடு பொருந்துகிறதா, பள்ளத்தோடு மோதுகிறதா என்று பார்ப்பார்கள். இதுவே குறுக்கீட்டு அளவியல். ஈர்ப்பலையில் 2015 செப்டம்பர் 14 அன்று கிடைத்த முதல் பதிவிலும் தாமதம் பேசியது: அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் கருவிக்கு எட்டிய அலை ஹான்ஃபோர்டை அடைய ஏறக்குறைய 7 மில்லிநொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. அலை வந்த திசையைக் குறுக்க அது உதவியது.

உதகைக்கு இந்த வித்தை வந்த வழி சற்றுச் சுற்றுவழி. தொலைநோக்கியை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் (1929–2020) அதற்குமுன் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். பல ஆன்டெனாக்களைக் கம்பிவடத்தால் இணைக்கும்போது, வடமே சமிக்ஞையைத் தாமதப்படுத்தும். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒவ்வொரு வடத்தையும் தனியே சோதித்துச் சரிசெய்வது நீண்ட வேலை. ஸ்வரூப், யாங் என்பவருடன் சேர்ந்து, நடுவிலிருந்து ஒரு சமிக்ஞையை வடத்தின் கடைசி வரை அனுப்பி, அங்கே எதிரொலிக்கச் செய்து, போய்த் திரும்பிய அலையின் நிலையைக் கொண்டு வடத்தின் தாமதத்தை அறியும் முறையை 1961இல் வெளியிட்டார். பெரிய ஆன்டெனா அணிகளில் பின்னர் இது வழக்கமான உத்தியாயிற்று. தொலைநோக்கிகளின் அளவைப் பேசுமளவுக்கு இந்த வடச் சோதனையை யாரும் பேசுவதில்லை. ஆனால் இது சரியாக இல்லாவிட்டால் மற்ற அளவு எதற்கும் மதிப்பில்லை.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் ஸ்வரூப் நாடு திரும்பினார். சிட்னியில் ஓய்வு கொடுக்கப்பட்ட 1.8 மீட்டர் கிண்ண ஆன்டெனாக்கள் 32 ஆஸ்திரேலியாவின் நன்கொடையாகக் கிடைக்க, மும்பை அருகே கல்யாணில் 1965இல் அவை சூரியனை நோக்கும் குறுக்கீட்டுமானியாக நிறுத்தப்பட்டன. அடுத்தது உதகை.

தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதே திட்டம். அப்படி இருந்தால் கருவியை ஒரே அச்சில் திருப்பினால் போதும், விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அதற்குத் தரை வடக்கு தெற்காக, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சரிந்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் உதகைக்குப் போகும் வழியில் இருக்கும் காரமடையும் உதகையைப் போலவே சுமார் 11 பாகை அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு 11 பாகைச் சரிவை அந்தச் சமவெளியில் எங்கே தேடுவது? முத்தோரை மலை அதைத் தானே வைத்திருந்தது. 24 எஃகுச் சட்டங்களின்மீது 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டன. அவற்றின் குவியக் கோட்டில் அலையை வாங்கும் 1,056 டைபோல்கள். அலைவெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர்.

கிழக்கு மேற்காகப் பார்வையைத் திருப்ப எந்திரம் உண்டு. வடக்கு தெற்காகத் திருப்ப, இரும்பை அசைப்பதில்லை. டைபோல்களின் சமிக்ஞைகளுக்குத் தக்க தாமதம் கொடுத்தால் போதும். வடக்கிலோ தெற்கிலோ 35 பாகை சாய்ந்து பார்க்கும்போது, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அலை வரும் பாதையில் 300 மீட்டர் வேறுபாடு வரும். அதாவது ஒரு மைக்ரோநொடி. அந்த ஒரு மைக்ரோநொடியை வடங்களில் ஈடுகட்டியே இத்தனை பெரிய கருவி வானை நோக்குகிறது.

இவ்வளவு இருந்தும் அதன் கூர்மை போதவில்லை. பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் வடக்கு தெற்காக 5, 6 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). கிழக்கு மேற்காக 2 பாகை. தொலைதூர ரேடியோ மூலங்கள் பலவற்றின் அளவோ சில விகலைகள்தாம் (விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு). இங்கே நிலா துணைக்கு வந்தது. விண்மீன்களின் பின்னணியில் நிலா நொடிக்கு அரை விகலை நகர்கிறது. அதன் விளிம்பு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியையும், சமிக்ஞை குறையும் விதத்தையும் பதிந்தால், மூலத்தின் இடமும் பருமனும் விகலைத் துல்லியத்தில் கிடைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 1962இல் இதே முறையில் 3சி 273 என்ற மூலத்தின் இடம் குறிக்கப்பட்டதுதான் குவாசர்களை அடையாளம் காண வழிவகுத்தது. உதகையில் நூற்றுக்கணக்கான மூலங்கள் இவ்வாறு அளக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு விஜய் கபாஹி 1975இல் காட்டிய மூலங்களின் கோண அளவுப் புள்ளிவிவரம், பேரண்டம் மாறாமல் நிலைத்திருக்கிறது என்ற கருத்துக்குப் பாதகமாகவும் பெருவெடிப்புக்குச் சாதகமாகவும் அமைந்தது. ஆனால் நிலா தன் பாதையில் வரும் மூலங்களைத்தான் மறைக்கும். அந்தக் குறையைத் தாண்ட வழி வேண்டியிருந்தது.

1980களில் சுமார் 4 கிலோமீட்டர் வரை விலகி நின்ற 7 சிறிய ஆன்டெனாக்கள் பெரிய கருவியோடு சேர்க்கப்பட்டு, உதகைத் தொகுப்பு ரேடியோ தொலைநோக்கி அமைந்தது. பூமத்திய ரேகையை ஒட்டி இதனினும் பெரிய தொலைநோக்கி கட்டும் திட்டமும் பேசப்பட்டு நிறைவேறாமல் போனது. அந்த ஏமாற்றம் பின்னர் நல்லதாகவே முடிந்தது: புனே அருகே நாராயண்காவ் வட்டாரத்தில் 45 மீட்டர் கிண்ணங்கள் 30 கொண்ட ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. அங்கே ஆன்டெனாக்களுக்கு இடையே அதிகபட்சம் 25 கிலோமீட்டர். ஈடுகட்ட வேண்டிய தாமதம் 83 மைக்ரோநொடி வரை போகும். உதகையின் பெரிய கருவிக்கு அந்த ஒரு மைக்ரோநொடிதான்.

முத்தோரைக் கருவி ஓய்ந்துவிடவில்லை. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று, ரேடியோ மூலங்களை மினுமினுக்கச் செய்வதைப் பதிந்து அந்தக் காற்றின் வேகத்தை அளக்கும் வேலை அங்கே நீண்ட காலமாக நடக்கிறது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, நான்கு நான்கு டைபோல்களைத் தனி அலகாக்கி, 264 அலகுகள் கொண்ட குறுக்கீட்டுமானியாக மாற்றும் திட்டமும் மேற்கொள்ளப்பட்டது. கட்டுமானத்தின்போது தேர்ந்த அந்த 326.5 மெகாஹெர்ட்ஸ் எதிர்பாராத இன்னொரு வேலைக்கும் பொருந்தியது. நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டரில் உமிழும் அலை, சிவப்புப் பெயர்ச்சி 3.35 இருக்கும் தொலைவிலிருந்து வரும்போது விரிந்து 92 சென்டிமீட்டராகிவிடும். பேரண்டம் சுமார் 200 கோடி ஆண்டு வயதாக இருந்தபோதைய ஹைட்ரஜனைத் தேடுவது அந்த 264 அலகுகளின் முதன்மை இலக்குகளில் ஒன்று.