இங்கிலாந்தின் குதிரைப் பாதைகளும் வழித் தகராறுகளும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் வயல்களுக்கும் காடுகளுக்கும் ஊடே போகும் பொது வழிகள் சட்டப்படி வகை பிரிக்கப்பட்டவை. சிலவற்றில் நடந்து மட்டுமே போகலாம். ‘பிரைடில்வே’ எனப்படும் குதிரைப் பாதையில் நடந்தும் போகலாம், குதிரையேறியும் போகலாம், குதிரையைக் கையில் பிடித்தும் போகலாம். மீதமுள்ளவை வண்டிப் பாதைகள். நிலம் பட்டாதாரருடையது, அதன் மேல் செல்லும் வழிநடைப் பாத்தியதை பொதுமக்களுடையது. வயல் நடுவே உள்ள வெறும் நடைபாதையில் ஒருவர் குதிரையை ஓட்டிப் போனால் பெரும்பாலும் அது குற்ற வழக்காகாது. அத்துமீறி நுழைந்ததாக நில உரிமையாளர் உரிமையியல் வழக்குப் போடலாம். இங்கிலாந்தில் பதிவாகியுள்ள பொது வழிகளில் குதிரைக்குத் திறந்திருப்பவை ஏறத்தாழ 22 சதவீதம் மட்டுமே. ஒரு காலத்தில் குதிரையில்லாமல் பயணமே இல்லாதிருந்த நாட்டில் இந்த அளவு வியப்புக்குரியது. குதிரை வழக்கொழிந்தது இதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம், வழிகளைப் பற்றிய சட்டங்கள் எழுதப்பட்டபோதெல்லாம் நடப்பவரும் வண்டிக்காரரும் எழுதியவர்கள் கண்ணில் பட்டார்கள், குதிரைக்காரர் படவில்லை என்பது.

சட்ட அறிஞர் எட்வர்டு கோக் 1628இல் வெளியிட்ட சட்ட உரையிலேயே வழிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன: கால்வழி, பொதிக்குதிரை வழி, வண்டி வழி. நடுவிலுள்ளதுதான் அன்று நாட்டின் சரக்குகளைச் சுமந்தது. செஷயரின் உப்பும், யார்க்‌ஷயரின் கம்பளித் துணியும், டார்பிஷயரின் ஈயமும் பொதிக்குதிரை வரிசைகளில் ஏறி மலை கடந்தன. பென்னைன் மலைப்பகுதியில் இந்தக் குதிரைகளை ஓட்டியவர்களை ஜாகர் என்று அழைத்தார்கள். அவர்கள் கடந்த கற்பாலங்கள் சில இன்றும் நிற்கின்றன. ஒரு குதிரை மட்டும் போகுமளவு அகலம்; கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இராது, சிலவற்றில் சுவரே கிடையாது. இருபுறமும் தொங்கும் பொதிமூட்டைகள் சுவரில் உரசக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். சேற்று நிலத்தில் ஒற்றை வரிசையாகப் பதித்த பாவுகற்களின் நடுவே குளம்புகள் தேய்த்த பள்ளத்தை இன்றும் பார்க்கலாம்.

பொதுமேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தனியாருக்குப் பங்கிட்ட அடைப்புச் சட்டங்கள் இந்த ஏற்பாட்டை மாற்றின. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. ஆணையர்கள் ஊருக்கு வந்து, நிலத்தை அளந்து, பழைய வழிகளை நேராக்கியோ மூடியோ புதிதாக வகுத்தார்கள். 1801ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் பொது வண்டிச் சாலைகள் குறைந்தது 30 அடி அகலம் இருக்க வேண்டும் என்றது. குதிரைப் பாதைகளின் அகலத்தை ஆணையர்கள் தீர்ப்பேட்டில் தனித்தனியே குறித்தார்கள். அன்று எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பேடுகள், இன்று வழக்குக்கு வரும் சாட்சியங்களில் மிக வலுவானவை.

அடுத்த அடி 1815இல் விழுந்தது. தேவையற்றது என்று தோன்றும் எந்தப் பொது வழியையும் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்திட்டு மூடிவிடலாம் என்றது அந்த ஆண்டுச் சட்டம். மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் அதே ஊர்ப் பண்ணையார்கள். ஒருவர் தோட்டத்து வழியை இன்னொருவர் மூடிக்கொடுப்பது எளிதாக நடந்தது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபிளிக்ஸ்டனில் ஒரு பண்ணையார் இப்படி நடைபாதையை மூடியபோது நகரத்தார் திரண்டு, 1826இல் பழைய நடைபாதைகளைக் காக்கச் சங்கம் அமைத்து, வழக்காடி வென்றார்கள். குதிரையேறிகளுக்கு அப்படி ஒரு சங்கம் அமையவில்லை. அன்று சேணத்தில் அமர்ந்தவரும் வழியை மூடியவரும் ஒரே வர்க்கம் என்பதால் அதற்கு அவசியமும் தோன்றவில்லை. அந்த மெத்தனத்தின் விலையைப் பேரப்பிள்ளைகள் கொடுத்தார்கள்.

வழியே இல்லாத இடத்தில் பிறர் நிலத்தின் மேல் பாய்ந்து செல்லும் நரி வேட்டை வேறு கதை. நரி தீங்கு செய்யும் பிராணி, ஆகவே அதைத் துரத்திப் பிறர் நிலத்துக்குள் போகலாம் என்று 1786இல் ஒரு தீர்ப்பு வந்தது. வேட்டைக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1809இல் எசெக்ஸ் பிரபு தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி எலன்பரோ, நோக்கம் பொழுதுபோக்கு என்றால் அது அத்துமீறல்தான் என்று சொல்லி, பிடியைத் தளர்த்தினார். 1878இல் பால் எதிர் சம்மர்ஹேஸ் வழக்கு விஷயத்தை முடித்துவைத்தது: வேண்டாம் என்று சொல்பவரின் வயலுக்குள் நுழைய வேட்டைக்காரருக்கு உரிமை கிடையாது. இதற்குப் பின்னும் வேட்டை நடந்தது, நிலக்காரர்களின் தயவில். குத்தகைக்காரர் வாய் திறக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் அந்தத் தயவில் சேர்த்தி.

அந்த நம்பிக்கை அயர்லாந்தில் பொய்த்தது. 1879 பிப்ரவரியில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் மீத் மாவட்டத்தில் தங்கி வேட்டையாடிக்கொண்டிருந்தார். துரத்தப்பட்ட மான் மேனூத் குருமடத்தின் மதிலுக்குள் ஓட, பேரரசியும் குதிரையோடு உள்ளே புகுந்தார். குருமார்கள் வரவேற்று உபசரித்தார்கள். பின்னர் நன்றிக்காகப் பேரரசி புனித ஜார்ஜின் வெள்ளிச் சிலையை அனுப்பிவைத்தார். இங்கிலாந்தின் காவல் புனிதரை ஐரிஷ் குருமடத்துக்குப் பரிசளித்த தர்மசங்கடம் பிறகு உணரப்பட்டு, ஐரிஷ் ஷாம்ராக் இலை பின்னிய பூசை உடைகளும் போய்ச் சேர்ந்தன. மதில் தாண்டி வந்தவரை உபசரித்து அனுப்பிய அதே நாட்டில் இரண்டரை ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று.

1881 அக்டோபரில் நில உரிமைக் கிளர்ச்சித் தலைவர் பார்னெல் கைதானார். குத்தகைப் பணமும் வெளியேற்றமுமாகக் கொதித்துக்கொண்டிருந்த குத்தகை விவசாயிகள், நிலப்பிரபுவின் கண்ணெதிரே நிற்கும் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: அவருடைய குதிரை. வேட்டைக்காரர்கள் கூடும் இடங்களுக்குக் கம்பும் கல்லுமாகக் கூட்டம் வந்தது. புதர்க்காடுகளில் விஷம் வைத்த இறைச்சி போடப்பட்டு வேட்டை நாய்கள் செத்தன. நிலப்பிரபுக்களின் தோட்டங்களுக்குள் ஊர்மக்களே கூட்டமாய்ப் புகுந்து முயலையும் பறவையையும் அடித்து, அதற்கு மக்கள் வேட்டை என்று பெயர் வைத்தார்கள். பல இடங்களில் வேட்டைப் பருவமே நின்றது. வாட்டர்ஃபோர்டு பிரபு தம் வேட்டை நாய்க் கூட்டத்தைக் கைவிட்டார். பேரரசி அந்தக் கைதுக்கு முன்பே, 1881ஆம் ஆண்டு வேட்டைக்கு அயர்லாந்தை விட்டு இங்கிலாந்தின் செஷயருக்குப் போனார். நிலப்பிரபுவை நீதிமன்றத்தில் வெல்ல முடியாதவர்கள் வேலியோரத்தில் வென்ற காலம் அது. குதிரையில் வருபவர் மேலிடத்து ஆள் என்ற எண்ணம் கிராமப்புறங்களில் இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. தனியாகக் குதிரையோட்டும் பள்ளி ஆசிரியையோ செவிலியோகூட அந்தப் பழைய கணக்கில் ஒரு பங்கைச் சுமக்க நேர்கிறது.

மோட்டார் வந்தபின் பெருஞ்சாலைகளில் தார் போடப்பட்டது. பழைய குதிரை வழிகள் பல புல் மூடின. ஆங்கிலச் சட்டப்படி அதனால் உரிமை போய்விடுவதில்லை. ஒருமுறை பொது வழியானது, முறைப்படி மூடப்படாதவரை, நூறாண்டு ஆள் நடமாட்டம் இல்லாவிட்டாலும் பொது வழிதான். 1860இல் வந்த தீர்ப்பு ஒன்று இதை உறுதிசெய்தது. சிக்கல், அது பொது வழியாக இருந்தது என்று காட்டுவதில்தான் இருந்தது.

அதற்காகத்தான் 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் மாவட்ட வாரியாக வழி வரைபடங்கள் தயாரிக்கச் சொன்னது. வரைபடத்தில் ஏறிய வழி சட்டப்படி மறுக்க முடியாத ஆதாரம். கணக்கெடுப்பு வேலை கிராம மன்றங்களிடம் போனது. 1950களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் சிலர் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, ஒவ்வொரு வழிக்கும் எண் கொடுத்து, வேலிப்படி, வாயிற்கதவு, உழுத வயல் என்று அட்டையில் எழுதினார்கள். நடந்து போனவர்கள் நடைபாதை என்றே எழுதினார்கள். உழவுக் குதிரையை டிராக்டர் விரட்டிய ஆண்டுகள் அவை. பொழுதுபோக்குக் குதிரையேற்றம் இன்னும் பரவியிருக்கவில்லை. கிராம மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் விவசாயிகள் பலர்; தம் வயல் வழியாகப் போகும் பாதையைக் குறைந்த வகையில் எழுதுவதில் அவர்களுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. வகை தெரியாதவை ‘பொதுப்பாதையாகப் பயன்படும் சாலை’ என்ற குழப்பமான தலைப்பில் தள்ளப்பட்டன. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் 1947இல்தான் தோன்றியிருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் குரல் கொடுக்க அதனிடம் ஆள் இல்லை. குதிரைப் பாதைகளின் இழப்பில் பெரும்பகுதி வேலியாலோ பூட்டாலோ வரவில்லை, இந்த அட்டைகளால் வந்தது.

பின்னால் வந்த சட்டங்கள் ஒட்டுப்போட்டன. 1968இல் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கும் இடம் கிடைத்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, புல்வெளி, தரிசு ஆகியவற்றைப் பொதுமக்களின் உலாவலுக்குத் திறந்துவிட்டது. ஆனால் நாயைத் தவிர வேறு பிராணியோடு வருபவருக்கு அந்த உரிமை கிடையாது என்றது. கூடவே ஒரு கெடுவும் வைத்தது: 1949க்கு முந்தைய, பதிவாகாத நடைபாதை, குதிரைப் பாதை உரிமைகள் 2026 தொடக்கத்தோடு ஒழியும். குதிரைச் சங்கத்தின் தொண்டர்கள் ஆவணக் காப்பகங்களில் முகாமிட்டார்கள். இங்கிலாந்தில் கெடு பிறகு 2031க்குத் தள்ளிப்போடப்பட்டது; 2024 டிசம்பரில் அதை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

ஒரு வழியைக் குதிரைப் பாதையாகப் பதிவுசெய்ய இரண்டு உபாயங்கள் உண்டு. முதலாவது பழைய ஆவணம்: அடைப்புத் தீர்ப்பேடு, 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தசமபாக (திருச்சபை வரி) வரைபடங்கள், ரயில் கம்பெனிகள் தாக்கல் செய்த திட்டப்படங்கள். இவற்றில் சுவையானது 1910ஆம் ஆண்டு நில மதிப்பீட்டுப் பதிவேடு. நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட அன்றைய அரசு முனைந்தபோது, நிலத்தில் பொது வழி இருந்தால் மதிப்பில் கழிவு கிடைத்தது. வரிக்குப் பயந்து தாத்தா ஒப்புக்கொண்ட வழியைப் பேரன் இன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும்போது, அந்தப் பதிவேடு எடுத்து நீட்டப்படுகிறது.

இரண்டாவது அனுபோகம். பலாத்காரமோ ஒளிவுமறைவோ அனுமதியோ இல்லாமல், பொதுமக்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து குதிரையில் போய்வந்திருந்தால் பாத்தியதை ஏற்பட்டதாகக் கொள்ளலாம். எந்த ஆண்டு முதல், வாரம் எத்தனை முறை, கதவு பூட்டியிருந்ததா, பலகை இருந்ததா, யாராவது தடுத்தார்களா, யாரிடமாவது கேட்டுக்கொண்டு போனீர்களா என்று படிவம் கேட்கும். கடைசிக் கேள்விதான் கண்ணி. மரியாதைக்காகப் பக்கத்துப் பண்ணையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனவரின் சாட்சியம் அனுமதி பெற்றதாகிப் பயனற்றுப்போகும். ஆட்சேபணை வந்தால் அரசின் திட்டமிடல் ஆய்வு அமைப்பின் ஆய்வாளர் ஊருக்கு வந்து, பெரும்பாலும் கிராம மண்டபத்திலேயே விசாரணை நடத்துவார். அண்டை வீட்டார் இரு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் நினைவை ஒருவர் மறுப்பார்கள். வழியை விட்டுக்கொடுக்கும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று உரிமையாளர் மனதுக்குள் நினைத்திருந்தால் போதாது, அது வழியில் போகிறவர்களுக்குத் தெரியும்படி இருந்திருக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை 2007இல் காட்மான்செஸ்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப்பின் பலகை வைக்கும் வழக்கம் கூடியது.

பதிவான பாதையிலும் சண்டை ஓய்வதில்லை. எதிர்ப்பவர் இப்போது எப்போதும் விவசாயி அல்ல. பழைய தானியக் களஞ்சியத்தை வீடாக்கிக் குடியேறிய நகரத்தாராகவும் இருக்கலாம், வாசலில் விழும் சாணமும் மழைக்காலத்தில் குளம்புகள் உழும் சேறும் அவருக்குப் புதிது. கதவு மிகச் சாதாரணமான ஆயுதம். குதிரைப் பாதையின் கதவு குறைந்தது 5 அடி அகலம் இருக்க வேண்டும் என்பது 1980 நெடுஞ்சாலைச் சட்டம். அகலம் சரியாயிருந்தாலும் தாழ்ப்பாள் தாழ இருந்தால் சேணத்திலிருந்து குனிந்து திறக்க முடியாது. இறங்கினால் மறுபடி ஏற மேடை இராது. வேகமாக மூடிக்கொள்ளும் கதவு குதிரையின் பின்னங்காலில் அடித்தால் அது மிரண்டு ஓடும். பயிரிடும் நிலத்தின் நடுவே போகும் பாதையை உழுதால் 14 நாளில் சரிசெய்து, 2 மீட்டர் அகலம் விட வேண்டும் என்றது 1990ஆம் ஆண்டுச் சட்டம். பொது வழியில் மக்களை அச்சுறுத்தி விலக்கும் பொய்ப் பலகை வைப்பது 1949 முதலே குற்றம்.

பொதுநிலங்களில் நிலைமை இடத்துக்கு இடம் மாறுகிறது. நகர்ப்புறப் பொதுநிலங்களில் காற்று வாங்கவும் உடற்பயிற்சிக்கும் 1925இல் தரப்பட்ட உரிமை குதிரையேற்றத்தையும் உள்ளடக்கியது என்று உயர்நீதிமன்றம் 1998இல் சொன்னது. டார்ட்மூரில் 1985ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் நடந்தும் குதிரையேறியும் உலாவும் உரிமையை வெளிப்படையாகவே தந்திருக்கிறது.

ஸ்காட்லாந்து வேறு பாதையில் போனது. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் போகலாம். குதிரைக்காரரும் அதில் அடக்கம். ஆனால் வட ஸ்காட்லாந்தின் பிளாக் ஐல் தீபகற்பத்தில் ஒரு காட்டின் உரிமையாளர்கள் நடப்பவர்களை வரவேற்றுக்கொண்டே, ஒரு தடத்தை மட்டும் குளம்புகள் குலைத்துவிடும் என்று குதிரைகளுக்கு அடைத்தார்கள். கதவைத் திறக்கும்படி ஹைலாந்து கவுன்சில் ஆணையிட்டது. கீழ்நீதிமன்றம் கவுன்சில் பக்கம் நின்றது. 2009இல் மேல்முறையீட்டில், நிலத்தைப் பொறுப்போடு பராமரிக்கும் உரிமையாளர் சேதத்தைத் தடுக்க இப்படிச் செய்வது நியாயமே என்று தீர்ப்பு மாறியது.