அப்பாவின் ஹெரால்ட்

மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும் பானெட்! நம் வயதுக்காரர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மறக்குமா? 1961 முதல் மெட்ராஸில் தயாரான கார்.

அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. பாடி செய்துதந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியின்றி, பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து, தனிச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள்.

அன்றைய அந்த நெருக்கடிதான் இன்று எனக்குக் கைகொடுத்தது. அப்பாவின் ஹெரால்டைக் கடற்காற்று அரித்திருந்தது. "காயலான் கடைக்குப் போட்டுடுங்கப்பா" என்றான் மகன். நான் ஸ்பேனரை எடுத்தேன். பானெட், கதவுகள் எல்லாம் வீட்டு வாசலிலேயே தனித்தனியாகக் கழன்றன. துருவைத் தேய்த்தெடுத்தேன். ஓட்டைகளைப் பட்டி பூசி மறைக்காமல், டிங்கரை அழைத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். பிறகு ரெட் ஆக்சைடு.

போன ஞாயிறு மகன் உப்புத்தாளோடு வந்தான். "தாத்தா பக்கக் கதவை நான் தேய்க்கிறேன்."