சுனிதி சாலமன்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986-இல் முதலில் கண்டறிந்த குழுவின் தலைவர், நுண்ணுயிரியல் மருத்துவர். சென்னையில், தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பமான கைதோண்டே வீட்டில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியர் ஆனார். கணவர் விக்டர் சாலமன் இதய அறுவை மருத்துவர்.

எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பலரும் நம்பிய காலம் அது. ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதிக்கும் தலைப்பைக் கொடுத்தார் சுனிதி. நிர்மலா ஊசியும் குழாயுமாக அலைந்து மாதிரிகளைச் சேகரித்து, பிரித்தெடுத்த சீரத்தை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்கச் சோதனையும் அதை உறுதி செய்தது. இந்தப் பெருமையில் நிர்மலாவின் பங்கு சரிபாதி. நெடுங்காலம் அது பேசப்படாதது அநீதி.

சுனிதி ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மருத்துவர்களே தொடத் தயங்கிய நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். 1993-இல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைச் சென்னையில் தொடங்கி, சிகிச்சையும் ஆலோசனையும் அளித்தார். தொற்றுள்ளவர்களுக்குள் வரன் பார்த்துத் திருமணமும் செய்துவைத்தார்.

2015 ஜூலை 28-இல் மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.