வானத்திலிருந்து நெருப்பு

எருசலேம் நோக்கிப் பயணம் சென்ற இயேசுவைச் சமாரியரின் ஊர் ஒன்று ஏற்க மறுத்தது. சினங்கொண்ட யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அவ்வூராரை அழித்துவிடலாமா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவரோ திரும்பிப் பார்த்து அவர்களைக் கடிந்துகொண்டார் என்று லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. அன்று சீடர்களின் கையில் நெருப்பு இல்லை. விமானம் பிறந்த பிறகு அது மனிதனின் கைக்கு வந்துவிட்டது. போர்க்களத்தில் அது விளைத்த அழிவை நாம் அறிவோம். போரில்லாத காலத்தில், சட்டம் ஒழுங்கின் பெயரால், ஆள்வோர் தம் ஆட்சிக்குட்பட்ட மக்கள்மீதே அதைப் பொழிந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. காவல்துறையின் வானூர்திகள் ஆயுதம் தாங்கலாமா என்ற வினா, ட்ரோன்கள் பெருகிவிட்ட இந்நாளில் மீண்டும் எழுந்திருக்கிறது. விடை தேடுமுன் அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் நடந்த கொடுமையை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதற்கு மறுநாள் நடந்ததைப் பலர் அறியார். இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலா நகரில் கலகம் மூண்டது. அதை அடக்க ஆங்கில அரசு லாகூரிலிருந்து இராணுவ விமானங்களை அனுப்பியது. அவை நகரின்மீதும் சுற்றியிருந்த சிற்றூர்கள்மீதும் குண்டு வீசின. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. ஒரு பள்ளியின் விடுதி வளாகமும் தப்பவில்லை. பின்னர் ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் நின்ற விமான அதிகாரி ஒருவர், தாம் 200 அடி உயரத்தில் இருந்ததாகவும், எல்லாம் நன்றாகத் தெரிந்ததாகவும், அந்தச் சிற்றூரில் குற்றமற்றவர் எவரையும் தாம் காணவில்லை என்றும் சாட்சி சொன்னார். இச்சாட்சியத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். 200 அடி உயரத்திலிருந்து தலைப்பாகையைப் பார்க்கலாம். குற்றத்தையும் குற்றமின்மையையும் பார்க்க இயலுமா?

விமானங்கள் இராணுவத்தினுடையவை, செய்த வேலையோ காவலரின் வேலை. 1920களில் இராக்கில் ஆங்கில அரசு இதை ஒரு முறையாகவே ஆக்கி, வான்வழிக் காவல் என்று அதற்குப் பெயரும் சூட்டியது. தரைப்படை வைப்பதைவிடச் செலவு குறைவு என்பதே அதற்கு முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது.

இவை அந்நிய ஆட்சியின் கொடுமைகள், மக்களாட்சியில் இவை நிகழா என்று நாம் ஆறுதல் கொள்ளக்கூடும். அந்த ஆறுதலைக் குலைத்தது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். சகோதர அன்பு என்ற பொருள்படும் கிரேக்கப் பெயரைத் தாங்கிய நகரம் அது. அங்கு 1972இல் 'மூவ்' என்ற அமைப்பு தோன்றியது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இயற்கையோடு இயைந்த வாழ்வைப் போதித்த அவர்கள், ஆயுதங்களையும் வைத்திருந்தனர். 1978இல் காவல்துறையோடு நடந்த மோதலில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். உறுப்பினர் ஒன்பது பேர் கொலைக் குற்றத்திற்காகச் சிறை சென்றனர். பின்னர் அவ்வமைப்பினர் ஓசேஜ் அவென்யூவில் ஒரு வீட்டில் குடியேறினர். இரவும் பகலும் ஒலிபெருக்கியில் வசை, குவிந்த குப்பை, கூரைமேல் மரத்தாலும் இரும்பாலும் அரண்: அண்டை வீட்டார் துன்புற்றனர். அவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. தங்களுக்கு அமைதி வேண்டும் என்று நகராட்சியிடம் அவர்கள் முறையிட்டது நியாயமானதே.

1985 மே 13 விடியற்காலையில் ஏறக்குறைய 500 காவலர்கள் அவ்வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளே குழந்தைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். இரு தரப்பிலும் துப்பாக்கிகள் முழங்கின. ஒன்றரை மணி நேரத்தில் காவல்துறை 10,000க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. கண்ணீர்ப்புகையும் பீய்ச்சிய நீரும் பயன் தரவில்லை. மாலை ஐந்தரை மணியளவில் மாநிலக் காவல்துறையின் ஹெலிகாப்டர் ஒன்று அவ்வீட்டின்மேல் வந்து நின்றது. அதிலிருந்த காவல் அதிகாரி, வெடிமருந்து நிறைந்த பை ஒன்றைக் கூரைமீது போட்டார். அரணைத் தகர்ப்பதே நோக்கம் என்றார்கள். கூரையில் தீப்பற்றியது. காலையில் நீரைப் பீய்ச்சிய தீயணைப்புக் கருவிகள் அங்கேயே இருந்தன. ஆயினும் அரண் எரிந்து விழட்டும் என்று தீயை எரியவிட முடிவு செய்தார்கள்.

அரணோடு தீ நிற்கவில்லை. ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் 61 வீடுகள் எரிந்து போயின. சுமார் 250 பேர் வீடிழந்தனர். அவ்வீட்டில் இருந்தவருள் 11 பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். ஒரு பெண்ணும் 13 வயதுச் சிறுவன் ஒருவனுமே உயிர் தப்பினர். அமைதி கேட்டு முறையிட்ட அண்டை வீட்டார் சாம்பலைப் பெற்றனர். களைகளைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள் என்று ஆண்டவர் உவமையில் எச்சரித்தது இங்கே நம் கண்முன் நிறைவேறக் காண்கிறோம்.

வில்லியம் பிரௌன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, மக்கள் குடியிருக்கும் வீட்டின்மீது வெடிகுண்டு போட்டது மனச்சான்றுக்கு அறவே ஒவ்வாத செயல் என்று 1986இல் அறிக்கை தந்தது. ஆயினும் அதற்காக எந்த அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை. சிறை சென்றது, உயிர் தப்பிய அந்தப் பெண்தான். அன்று மேயராயிருந்த வில்சன் கூட், அந்நகரின் முதல் கறுப்பின மேயர். நகரம் முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவரே 2020இல் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் நகரமன்றம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். காவலரின் உயிரும் கடவுள் தந்ததே. 2009இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் குற்றக் கும்பலொன்று காவல்துறையின் ஹெலிகாப்டரையே சுட்டு வீழ்த்தியது, காவலர்கள் இறந்தனர். வானிலிருந்து திருப்பிச் சுட உரிமை இல்லையா என்று கேட்பவர்களை நாம் எளிதில் புறந்தள்ள முடியாது. ஆனால் அதே ரியோவின் குடிசைப் பகுதிகளில், மேலிருந்து சுடப்படும் குண்டு யாரைத் தைக்கும் என்று அறியாது வாழ்ந்த மக்களின் குரலும் உண்டு. ஒரு கல்விக்கூடத்தார் தம் கூரைமீது, இது பள்ளி, சுடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தனர். 2019இல் மாரே பகுதியின் சிறுவர்களும் பெரியவர்களும் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களும் ஓவியங்களும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன. 2020இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், ரியோவின் காவல் நடவடிக்கைகளில் ஹெலிகாப்டரைக் கட்டாயத் தேவை இருந்தாலன்றிப் பயன்படுத்தலாகாது என்று கட்டுப்படுத்தியது.

நம் விசுவாசம் இதில் காட்டும் வழி யாது? ஆள்வோர் வாளை வீணாகத் தாங்கவில்லை என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதினார். அரசின் அதிகாரத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாள் என்பது கை எட்டும் தொலைவுக்கே உரியது. அதை ஓங்குபவன் எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தற்காப்பில்கூடத் தேவைக்கு மிஞ்சிய வன்முறை முறையற்றது என்று புனித தாமஸ் அக்வினாஸ் கற்பித்தார். நகரங்களையும் அவற்றின் குடிகளையும் வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்தது. போருக்கே இவ்வரம்பு என்றால், காவலுக்கு எத்துணை வரம்பு வேண்டும்! போர்வீரன் பகைவனை எதிர்கொள்கிறான். காவலரோ குற்றம் சாட்டப்பட்டவனை உயிரோடு பிடித்து நீதிபதியின்முன் நிறுத்தக் கடமைப்பட்டவர். வானிலிருந்து எவரையும் கைது செய்ய முடியாது.

தொடக்க நூலின் பதினெட்டாம் அதிகாரம் நமக்கு மேலும் ஒளி தருகிறது. சோதோமின் கூக்குரல் தம்மை எட்டியபோது ஆண்டவர் உடனே நெருப்பை அனுப்பவில்லை. கேட்டது உண்மைதானா என்று இறங்கிச் சென்று பார்க்கப் போவதாக ஆபிரகாமுக்கு அறிவித்தார். பத்து நீதிமான்கள் இருந்தால் ஊரை அழிக்கமாட்டேன் என்றும் வாக்களித்தார். எல்லாம் அறிந்த கடவுளே இறங்கிப் பார்த்த பிறகுதான் தீர்ப்பிடுகிறார் என்றால், மேலிருந்தபடியே தீர்ப்பிட மனிதனுக்கு ஏது உரிமை?

எனவே காவல்துறையின் வானூர்தி காணட்டும், வழி காட்டட்டும், இருளில் விளக்கேந்தட்டும், வெள்ளத்தில் சிக்கியவரைத் தூக்கிக் காப்பாற்றட்டும். ஆயுதம் அதில் வேண்டா என்பதே வரலாறும் மறைநூலும் சேர்ந்து நமக்குச் சொல்லும் விடை. இது தொலைவில் உள்ளோரின் வினா மட்டுமன்று. 2015இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம், உயிரைப் பறிக்காத ஆயுதங்களைக் காவல்துறையின் ட்ரோன்கள் தாங்குவதற்குச் சட்டத்தில் இடம் விட்டது. 2024 பிப்ரவரியில் நம் நாட்டிலேயே, ஷம்பு எல்லையில் திரண்ட விவசாயிகள்மீது அரியானா காவல்துறை ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. கண்ணீர்ப்புகை வெடிகுண்டு அன்று, உண்மைதான். ஆனால் பிலடெல்பியாவிலும் காலையில் கண்ணீர்ப்புகைதான் வந்தது. வெடிகுண்டு மாலையில் வந்தது. அந்த இடைவெளியில், வேண்டா என்று சொல்லி அங்கே எவரும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. நம் ஊரில் சொல்ல வேண்டியவர்கள் குடிமக்களாகிய நாமே. அதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.