வகுப்பறையிலிருந்து திரைக்கு

கரும்பலகை, அதன் முன் ஆசிரியர், எதிரே வரிசையாக மாணவர்: கல்வி என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி இதுவே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, அக்காட்சி சில நாட்களில் மறைந்தது. கைப்பேசியின் சிறு திரையே வகுப்பறையாயிற்று. இம்மாற்றம் திடீரென நேர்ந்ததாகவே நமக்குத் தோன்றியது. ஆயினும், ஆசிரியரின் குரலையும் உருவையும் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி நம் நாட்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது.

தில்லியில் 1959 செப்டம்பரில் தொலைக்காட்சி தோன்றிற்று. 1961இலேயே அது பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது. பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கத் தக்க ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளிலும், சோதனைகளை மாணவர் திரையில் கண்டனர். ஆனால் வகுப்பாசிரியர் வெளியேறிவிடவில்லை. ஒளிபரப்புக்கு முன் பாடத்தை அறிமுகம் செய்வதும், முடிந்தபின் ஐயம் தீர்ப்பதும் அவர் பணியாகவே இருந்தன. அடுத்த ஆண்டு, 1962இல், தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. பாடங்கள் தபாலில் சென்றன. எனினும் மாணவர் ஆசிரியரை நேரில் காணும் வகுப்புகளும் நடைபெற்றன.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் சோதனை இன்னும் பெரிது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் ஒளிபரப்பைப் பெற்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் அமைந்தன. பிள்ளைகள் ஓரிடத்தில் கூடியே பாடம் கண்டனர். பின்னர் 1985இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஊர்தோறும் கல்வி மையங்களை அமைத்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாடம் தொலைவிலிருந்து வந்தது. ஆனால் கற்பவன் தனியே விடப்படவில்லை. 2020இல் அறுந்தது இந்த இழைதான். கருவியும் எல்லார்க்கும் கிட்டவில்லை. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 24 வீடுகளிலேயே இணைய வசதி இருந்தது. கிராமங்களிலோ நூற்றுக்கு 15. தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் கைப்பேசி ஒன்றே வீட்டின் பள்ளிக்கூடமாக இருந்தபோது, இரண்டு பிள்ளைகளில் எவன் பாடம் கேட்பது? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்கு இக்கேள்வி புதிதன்று.

இழையை மீண்டும் முடிய முயன்றோரும் உண்டு. கேரளம் 2020 ஜூன் 1 முதல் தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தியது. வீட்டில் கருவி இல்லாத பிள்ளைகளுக்காகப் பொது இடங்களில் பெட்டிகளை வைத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைக் குழந்தைகளின் அருகே அமர்த்தியது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு ஏன் வேண்டும்? நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ கற்கின்றனர். அவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்து எட்டுவது இணையத்தின் வழியேதான். தமிழகத்துக்கு வெளியே வாழ்வோரையும் கருத்திற்கொண்டு தமிழ்நாடு அரசு 2001இல் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு பாடங்களை வழங்கி வருகிறது. பாடம் வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் அதைத் திறந்து வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கப் போனால், தில்லிப் பள்ளியின் வகுப்பாசிரியர் செய்த பணியை யார் செய்வது? நாள்தோறும் அரைமணி நேரம் குழந்தையின் அருகே அமர்வோம். எழுத்தைத் திரை காட்டட்டும். அதை உரக்கப் படிக்கக் கேட்டுத் திருத்தும் செவி நம்முடையதாகட்டும்.