ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு காதுகள்

மே மாதச் சாயங்காலங்களில் காட்ரோடு டீக்கடைப் பக்கம் நின்றால் ஒரு வாடை வரும். கருகிய ரப்பரும் சுட்ட இரும்பும் கலந்த வாடை. கொடைக்கானலிலிருந்து இறங்கிய கார் ஒன்று ஓரங்கட்டியிருக்கும். முன்சக்கரத்திலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருக்கும். போன கோடையில் அப்படி நின்ற வண்டியின் சக்கரத்தில் ஊற்றுவதற்கு, ஓட்டிவந்த பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். காய்ந்த டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிப்போகும்.

"எந்த கியர்ல தம்பி இறங்கி வந்தீங்க?"

"ஆட்டோமேட்டிக் சார். டி-ல போட்டா அதுவே பாத்துக்கும்."

எட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியின் காது மாதிரி இரண்டு பேடில். இடப்பக்கம் கியரை இறக்கும் மைனஸ், வலப்பக்கம் ஏற்றும் பிளஸ். அதைத் தொட்டீர்களா என்று கேட்டேன். "அது ரேஸ் ஓட்டுறவங்களுக்கு சார்" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நாற்பது வருஷம் இந்த மலையில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன்: அந்த இடப்பக்கக் காது எங்கள் மலைக்கென்றே செய்த சாமான்.

எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. ஊருக்குக் கிழக்கே, வத்தலக்குண்டு போகிற வழியில்தான் கொடைக்கானல் சாலை பிரிகிறது. வெள்ளைக்காரன் வைத்த 'காட் ரோடு' எங்கள் வாயில் காட்ரோடாகி, அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் காட்டு ரோடு என்று நினைத்துக்கொள்வார்கள். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது இந்த ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்துப் பாதையில் நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். லா என்ற ஆங்கில அதிகாரியின் பெயரால் லாஸ் காட் எனப்படும் இந்தச் சாலை, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகுதான் சக்கரம் மலை ஏறியது. சக்கரம் ஏறிய அன்றே இறக்கத்தில் வண்டியை எது பிடிப்பது என்ற கேள்வியும் வந்துவிட்டது. மேலே 7,000 அடி. காட்ரோடு வருவதற்குள் ஏறத்தாழ 6,000 அடி இறங்கியாக வேண்டும்.

1976-ல், பதினாறு வயதில், லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். மேலேயிருந்து உருளைக்கிழங்கும் பேரிக்காயும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வருவோம். கிளீனருக்கு முதல் வேலை கட்டை போடுவது. ஏற்றத்தில் வண்டி திணறி நின்றால், கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் வண்டி பின்னால் உருண்டுவிடும்.

அந்த லாரியின் கியர் பெட்டியில் பல்லும் பல்லும் தாமாக ஒத்துப்போகாது. அமெரிக்காவில் கேடிலாக் கார்களுக்கு 1928-லேயே வந்துவிட்ட சின்க்ரோமெஷ், எங்கள் லாரிக்கு வந்து சேரவில்லை. அதனால் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, ஒரு தரம் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்துச் சின்ன கியரில் தள்ள வேண்டும். தப்பினால் 'கர்ர்ர்' என்று பெட்டி கத்தும்; ராடு உள்ளே போகாது. இறக்கத்தில் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நிதானத்தில் இருக்கும்போதே கியரை இறக்கிவிட வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த டிரைவர் அண்ணன், காட்ரோட்டில் வண்டியை நிறுத்தி, மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். அங்கே அடைத்த கதவுக்குத்தான் பூஜை. கும்பிட்ட கையால் கியர் ராடின் உருண்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "டேய், எந்த கியர்ல ஏறுனமோ அந்த கியர்லதான் எறங்கணும். பிரேக்கு நிறுத்துறதுக்கு; பிடிக்கிறதுக்கு இஞ்சின்" என்பார்.

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. சின்ன கியரில் காலை எடுத்தால், சக்கரம் இஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அவ்வளவு வேகமும் சூடாக மாறி லைனிங்கில் இறங்குகிறது. அது தாங்காமல் பிடிப்பு குறையும். மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்ளும். மிதி தரை வரை போகும்.

எனக்கே போயிருக்கிறது. 1983-ல் அம்பாசடர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கியர் தரையில் இல்லை. ஸ்டீரிங் தண்டிலேயே இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பெட்டி வரை கம்பிகள். பழசானால் அந்தக் கம்பிகள் லொடலொடத்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து கையால் ஆட்டி விடுவித்தால்தான் கியர் விழும். ஊத்து என்ற ஊருக்குக் கீழே, பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்க, மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. தேர்டில் வந்துகொண்டிருந்தேன். செகண்டுக்கு இழுத்தேன், கம்பி மாட்டவில்லை, விழுந்தது. இஞ்சின் அலறியது. மலைப்பக்கச் சுவரில் வண்டியை உரசி நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு இரண்டும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டி-யே பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பையன் இறங்கியது அவசரத்தில்தான். நான் இறங்கியதும் அதே அவசரத்தில்தான்.

பிறகு கியர் தரைக்குப் போனது. கையும் ஸ்டீரிங்குக்கும் ராடுக்குமாக அலைந்தது. கியர் திரும்ப ஸ்டீரிங்குக்கு வந்தது ரேஸ் காரில்தான். அந்தப் பையன் சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் 640 என்ற காரை வடிவமைத்தார். கியர் ராடும் கம்பிகளும் இடத்தை அடைக்கின்றன என்று அதையெல்லாம் தூக்கிவிட்டு, ஸ்டீரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் பேடிலை வைத்தார். 1989 மார்ச்சில் பிரேசிலில் அதன் முதல் பந்தயம். பாதியில் ஸ்டீரிங்கையே கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. அப்படியும் நைஜல் மான்செல் ஜெயித்தார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் பேடிலில்தான் கியர் மாற்றினார்.

அங்கிருந்து ஃபெராரியின் சாலைக் கார், அப்புறம் விலை கூடிய மற்ற கார்கள், கடைசியில் நம் தெரு. 2022-ல் வந்த ஆட்டோமேட்டிக் எர்டிகாவில் பேடில் வைத்தார்கள். என் தங்கச்சி மகன் வாங்கி டாக்சிக்கு விட்டிருப்பது அதுதான்.

அவனோடு ஒரு நாள் இறங்கினேன். பெருமாள்மலை தாண்டியதும் வண்டி தன் புத்தியைக் காட்டியது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பல ஆட்டோமேட்டிக்குகளுக்கு மேடு பள்ளம் தெரியாது. பாரம் குறைந்தது என்று எண்ணிப் பெரிய கியருக்குத் தாவிவிடும். பிடிப்பு விட்டுப்போகும். "எம்-ல போடுடா" என்றேன். டி-யில் வைத்துப் பேடிலை இழுத்தால் கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகப் பழையபடி போய்விடும். எம்-ல் போட்டால் நாம் சொன்ன கியரில் நிற்கும். இடது நடுவிரலால் ஒரு தட்டு. மூன்று. இன்னொரு தட்டு. இரண்டு. இஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி உட்கார்ந்து நடந்தது.

"மாமா, சத்தம் கேட்டா பயமா இருக்கே."

"அது பிடிக்கிற சத்தம்டா. அளவுக்கு மீறினா வண்டியே கியர் போட விடாது."

வளைவுக்குள் ஸ்டீரிங்கைத் திருப்பியபோது பேடிலும் கூடவே சுற்றி, மைனஸ் எங்கே என்று விரல் தேடியது. வளைவுக்கு முன்னாலேயே தட்டிவிடு என்றேன். டபுள் கிளட்ச் காலத்தில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை.

இப்போது கியர் மாற்றும் வேலையே இல்லாத கார்களும் வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்து 2019-ல் விட்ட ஹூண்டாய் கோனா மின்சார வண்டி. அதிலும் ஸ்டீரிங்குக்குப் பின்னால் பேடில் உண்டு. இழுத்தால் மோட்டார் வண்டியைப் பிடிக்கும். பிடித்த வேகத்தைப் பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்பிக் கொடுக்கும். கேள்விப்பட்ட அன்று டிரைவர் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இறக்கத்தில், தங்கச்சி மகன் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினான். எதிரே தலையாறு அருவி வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. கீழே மஞ்சளாறு அணை, அதற்கப்பால் எங்கள் ஊர். அங்கிருந்து காட்ரோடு வரை பிரேக்கை அவன் எண்ணி எண்ணித்தான் மிதித்தான். டீக்கடை ஓரத்தில் இறங்கி, முன்சக்கரத்தருகே குந்தி, ரிம்முக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வாடை இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. அவனையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன்.